மாமா வண்டிக்கு எத்தனை பல்லு?

போன வாரம் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு மெஸ் கமிட்டியிலேர்ந்து வந்த 'அன்பு'க் கடிதங்களுக்கு நன்றி. இந்த வாரம் சாம்பார் கிடையாது. கிரீஸ்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். உத்திரமேரூர் பக்கம். ஊர் பேரைச் சொன்னாலே கிளாஸ்ல "குடவோலைதானே?"னு கேப்பாங்க. ஆமா, அதேதான். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும், சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற விதிகளைக் கல்லுல வெட்டி வெச்ச ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில்ல இன்னைக்கும் பார்க்கலாம். ஆனா எங்க ஏரியாவுல இப்ப ராத்திரி பகலா காதுல விழறது சபை சத்தம் இல்ல, டிப்பர் சத்தம்! சாலவாக்கம் பக்கம் பூரா கல் குவாரி, கிரஷர். ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திட்டு வண்டிங்க வரிசையா போய்ட்டே இருக்கும்.

அந்த வரிசையில ஒரு வண்டி எங்க மாமாவோடது. அம்மாவோட தம்பி. பல வருஷம் அடுத்தவங்க டிப்பரை ஓட்டிட்டு, போன வருஷம்தான் சொந்தமா ஒரு பழைய ஆறு சக்கர டிப்பர் வாங்கினார். பாதி ஃபைனான்ஸ், மீதி அத்தையோட நகை. நகை பேங்க் லாக்கர்ல இல்ல, அடகுக் கடையில.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள்ள பையை வைக்கல, மாமா வந்துட்டார்.

"பாப்பா, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? வண்டி இழுக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரு."

எங்க டிபார்ட்மென்ட்ல அறுபது பேருக்கு நாங்க மூணு பொண்ணுங்க. மூணு பேருக்கும் இதே கதைதான். வீட்டுல மிக்ஸி ஓடலைன்னாலும் நாங்கதான் டாக்டர். மிக்ஸியாவது பரவாயில்ல பாஸ், இது லாரி!

விஷயம் இதுதான். குவாரிப் பள்ளத்துலேர்ந்து லோடோட மேல ஏறும்போது வண்டி பாதியிலயே முக்குது. நிறுத்தி மறுபடி எடுத்தா கிளட்ச் கருகுற வாசனை. டிரைவர் அண்ணன் "இப்படியே போனா நான் வேற வண்டிக்குப் போயிடுவேன்"னு சொல்லிட்டார். மைலேஜும் விழுந்துடுச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல டீசல் பம்பு வேலைன்னு செஞ்சு காசு வாங்கினாங்க. ஒண்ணும் மாறல. அதே இடத்துல "இன்ஜினை இறக்கிப் பாக்கணும்"னு அடுத்த குண்டைப் போட்டிருக்காங்க. இன்ஜின் வேலைன்னா நகை திரும்பி வராது. அத்தை ஒண்ணும் பேசல. டீயை மட்டும் கொஞ்சம் சத்தமா வெச்சுட்டுப் போனாங்க.

"மாமா, வண்டி வாங்கினதுக்கப்புறம் எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தலையே. டயரு மட்டும் பெருசாப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கெத்தா இருக்கு!"

கெத்து. எல்லாப் பிரச்னையும் அங்கதான் ஆரம்பிக்குது!

லாரி தெரியாதவங்க உங்க பைக்கை நினைச்சுக்குங்க. முன்னாடி சின்ன ஸ்ப்ராக்கெட் 14 பல்லு, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் 42 பல்லுன்னு வெச்சுக்குவோம். சின்னது மூணு சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து. வேகம் மூணுல ஒரு பங்கா குறையும், முறுக்கு விசை மூணு மடங்காகும். பின்னாடி பல்லு கூடினா இழுவை கூடும், ஓட்டம் குறையும். பல்லு குறைஞ்சா இதுக்கு நேர்மாறு. லாரியில செயினுக்குப் பதிலா பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள்ள ரெண்டு கியர் இருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில இருக்கிற குட்டி கியர் பேரு பினியன். அது சுத்தி விடற பெரிய வட்டக் கியர் கிரவுன். பட்டறையில '6/37'னு சொன்னா பினியனுக்கு 6 பல்லு, கிரவுனுக்கு 37 பல்லு. 37ஐ 6ஆல வகுத்தா 6.17. அதாவது ஷாஃப்ட் 6.17 சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து.

இதுல டயர் எங்க வருதுன்னு கேக்குறீங்களா? டயர்தான் கடைசி கியர்! பெரிய டயர் ஒரு சுத்துல அதிக தூரம் போகும். அப்போ அதே தள்ளு விசைக்கு இன்ஜின் கூடுதலா முக்கணும். பெரிய டயர் போடறதும், பின் ஸ்ப்ராக்கெட்ல பல்லைக் குறைக்கிறதும் ஒண்ணுதான்.

மாமா வண்டியில முதல்ல இருந்தது 9.00-20. இப்போ 10.00-20. முதல் நம்பர் டயரோட அகலம், இருபதுங்கிறது ரிம் விட்டம், ரெண்டுமே அங்குலத்துல. கம்பெனி கையேட்டுல அந்த மாடலுக்கு ரெண்டு சைஸுமே குடுத்திருக்கு, அதனால சட்டச் சிக்கல் இல்ல. (இதை ஏன் சொல்றேன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இஷ்டத்துக்கு வண்டியை மாத்த விடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. ஜீப்புல ராட்சச டயர் மாட்டுற அண்ணன்மார்கள் கவனிக்க!)

ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய 9.00-20தான். ரெண்டையும் பக்கத்துல நிறுத்தி டேப் வெச்சேன். பழசு ஏறத்தாழ 102 சென்டிமீட்டர் உயரம், புதுசு 105.5. வித்தியாசம் 3.4 சதவிகிதம்.

இங்கதான் எனக்கு இடிச்சுது. 3.4 சதவிகிதத்துக்கா ஒரு லாரி இந்தப் பாடு படும்? டிரைவர் அண்ணனைக் கேட்டேன். "சின்ன டயரு இருந்தப்பவே கொஞ்சம் மந்தம்தான்மா. மத்தவங்க வண்டி ஏறுற மாதிரி ஏறாது. டயரு மாத்துனதும் சுத்தமா படுத்துடுச்சு"ன்னார். அப்போ டயருக்கு முன்னாடியே ஏதோ இருக்கு. பேப்பர்ல 6/37னு இருக்கு. ஆனா ஹவுசிங்குக்குள்ள நெஜமாவே 6/37தான் இருக்கா? யார் பார்த்தா?

பார்க்க ஒரு வழி இருக்கு. ஹவுசிங்கைப் பிரிக்க வேணாம். வண்டியை நியூட்ரல்ல போட்டு, வீலைக் கையால சுத்தி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணினா போதும். இதை ஊர் மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னப்போ அவர் சிரிக்கல, "செஞ்சு பாக்கலாம்"னார். அதுக்கே அவருக்கு ஒரு சல்யூட்.

சமதளத்துல காலி வண்டி. முன் வீல் ரெண்டுக்கும், தரையில இருக்கப்போற பின் வீலுக்கும் ரெண்டு பக்கமும் கட்டை. ஏர் ஏத்தி ஹேண்ட் பிரேக்கை விடுவிச்சாச்சு. ஒரு பக்கப் பின் வீலை மட்டும் ஜாக்கியில தூக்கி, ஆக்சிலுக்குக் கீழ ஸ்டாண்டு குடுத்தார் அண்ணன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் லாரிக்குக் கீழ போகாதீங்க, ப்ளீஸ். டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட்ல ஒரு கோடு. நான் கீழ படுத்து ஷாஃப்ட்டைப் பார்க்க, மாமா வீலைச் சுத்தினார்.

வீல் ஒரு சுத்து. ஷாஃப்ட்... மூணு சுத்துகூட வரல!

எனக்கு வேர்த்துடுச்சு. ஆறு வரணும், மூணுகூட வரல. கார்லகூட இதைவிட அதிகமா இருக்குமே! "மாமா, யாரோ தப்பான கிரவுன் போட்டு உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க"னு கீழேயிருந்தே கத்திட்டேன். மாமா முகம் வெளுத்துப் போச்சு. திண்ணையில உக்காந்திருந்த பாட்டி வேற "அய்யோ"ன்னுட்டாங்க.

மெக்கானிக் அண்ணன் மட்டும் அமைதியா பீடியை அணைச்சுட்டு, "பாப்பா, அந்தப் பக்க வீலு தரையில நிக்குது. டிஃபரன்ஷியல்னு ஒண்ணு இருக்குல்ல?"ன்னார்.

டம்! மூணாவது செமஸ்டர்ல பதிமூணு மார்க் கேள்வி. பக்கம் பக்கமா எழுதி, படம் வேற வரைஞ்சேன். ஒரு வீல் நின்னு இன்னொரு வீல் மட்டும் சுத்தினா, கிரவுன் பாதிதான் சுத்தும். வீல் ஒரு சுத்துக்குக் கிரவுன் அரை சுத்து. அதனால நான் எண்ணினதை ரெண்டால பெருக்கணும். எக்ஸாம்ல எழுதினது கைக்கு வர மூணு செமஸ்டர் ஆயிருக்கு. யூனிவர்சிட்டிக்குத் தெரிய வேணாம்.

சரி, மறுபடி. இந்த முறை பத்து சுத்து. மாமா மூச்சு வாங்கச் சுத்தினார். ஷாஃப்ட் 29 சுத்து, அதுக்கு மேல ஒரு கால் சுத்து, கொஞ்சம். 29.3ன்னு வைங்க. ரெண்டால பெருக்கி பத்தால வகுத்தா 5.86. அதே 6/37ஆ இருந்திருந்தா கிட்டத்தட்ட 31 சுத்து வந்திருக்கணும்.

5.86 எங்கேர்ந்து வருது? 41ஐ 7ஆல வகுங்க. வந்துடுச்சா?

7/41. வண்டியை முன்னாடி வெச்சிருந்தவர் நெடுஞ்சாலையில ஓட்ட வேகம் வேணும்னு எப்பவோ கிரவுனை மாத்தியிருக்கார். அவரோட வேலைக்கு அது சரி. மாமாவோட வேலைக்கு இல்ல. அதனால வாங்கின அன்னைக்கே இழுவை 5 சதவிகிதம் கம்மி. அதுமேல பெரிய டயர். ரெண்டும் சேர்ந்து கம்பெனி குடுத்ததைவிட 8 சதவிகிதத்துக்கு மேல போயிடுச்சு. பள்ளத்துலேர்ந்து லோடோட ஏறும்போது இந்த எட்டுதான் கிளட்சைக் கருக்குது. இன்ஜின் மேல எந்தத் தப்பும் இல்ல!

இன்ஜினை இறக்க வேணாம்னு சொன்னதும் அத்தை உள்ளேர்ந்து வந்து என் தலையைத் தடவிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரி தட்டுல ரெண்டு முட்டை.

சரி, எந்தப் பல்லைப் போடறது? கணக்குப்படி ரொம்ப ஈஸி. டயர் எவ்வளவு பெருசாச்சோ ரேஷியோவையும் அவ்வளவு பெருசாக்கணும். 6.17ஐ 1.034ஆல பெருக்கினா 6.38. அதைப் போட்டா வண்டி கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே ஆயிடும். நோட்டுல கட்டம் போட்டு 6.38னு எழுதி மெக்கானிக் அண்ணன்கிட்ட நீட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். "இது கடையில கிடைக்காது. 37, இல்லன்னா 41. எது வேணும்னு சொல்லு"ன்னார்.

அதாவது 6/37ன்னா 6.17, 6/41ன்னா 6.83. எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல தொங்குது. ஏன் நடுவுல ஒண்ணு வெச்சா என்னன்னு யோசிச்சேன். 6/38 போட்டா ரெண்டையுமே 2 வகுத்துடும். 6/39ன்னா 3 வகுத்துடும். பொது வகு எண் இருந்தா பினியனோட ஒரே பல்லு கிரவுனோட ஒரு சில பல்லுங்களை மட்டுமே திரும்பத் திரும்பக் கடிக்கும், ஒரு பல்லுல குறைன்னா அது அந்தக் கூட்டத்தையே தின்னும். 37ம் 41ம் பகா எண்கள். எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திச்சு, தேய்மானம் சமமா பரவும். எட்டாங் கிளாஸ்ல "பகா எண் வாழ்க்கையில எதுக்கு சார் உதவும்?"னு கேட்டேன். எங்க கணக்கு சார் இதைப் படிச்சா சந்தோஷப்படுவார்.

இப்போ மூணு பேர், மூணு கட்சி. மெக்கானிக் அண்ணன் 37 கட்சி: "கம்பெனி குடுத்தது அதுதான், பினியனும் கொஞ்சம் பலமா இருக்கும்." டிரைவர் அண்ணன் 41 கட்சி: "எனக்கு ஏறணும், அவ்ளோதான்." மாமா எதுலயும் சேராம நடுவுல: "ரோட்டுல ஓட்டம் குறைஞ்சா நடை குறையுமே பாப்பா." குடவோலை போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லலாமான்னுகூட யோசிச்சேன். ஊர் வழக்கமாச்சே!

ஆனா சபை விதியில எனக்குப் புடிச்சது சீட்டு எடுக்கிறது இல்ல. பதவியில இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் மறுபடி நிக்க முடியாதுன்னு ஒரு விதி. நல்லவேளை, எங்க மாமா நடைக்கு நடை டீசலும் மீட்டரும் எழுதின கணக்கு நோட்டு வெச்சிருந்தார். அதனால சொந்தக்காரியான எனக்கும் தகுதி போகல!

நோட்டு பத்தாதுன்னு மூணு நாள் நானே வண்டியில ஏறிப் போனேன். பேனாவும் போன் ஜி.பி.எஸ்.ஸும்தான் ஆயுதம். (மாமியார் வீட்டுக்குப் போற பொண்ணைப் பார்க்கிற மாதிரி குவாரியில எல்லாரும் பார்த்தாங்க. ரெண்டாவது நாள் டீ குடுத்தாங்க. மூணாவது நாள் இன்னொரு டிரைவர் அவர் வண்டி பிரச்னையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டார்.) ஒரு பக்கம் 22 கிலோமீட்டர். அதுல 2 கிலோமீட்டர் குவாரி மண் ரோடும் ஏத்தமும். 15 கிலோமீட்டர் ஊருக்குள்ள போற ரோடு. நாய், ஆடு, ஸ்கூல் பசங்க, வேகத்தடை... லோடோட 40ஐத் தாண்டறது அபூர்வம். மீதி 5 கிலோமீட்டர்தான் பெரிய ரோடு. அங்கேயும் டிப்பருக்கு உச்ச வேகம் 60னு கட்டுப்பாடு.

இப்போ கணக்கு பேச ஆரம்பிச்சுது. லோடோட டயர் ஒரு சுத்துக்கு 3.21 மீட்டர் போகுதுன்னு சாக்பீஸ் கோடு வெச்சு அளந்தோம். டாப் கியர்ல 40ல போனா இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து? இப்ப இருக்கிற 7/41ல சுமார் 1,215. 6/37ல 1,280. 6/41ல 1,420. இந்த இன்ஜின் நல்லா இழுக்கிறதே 1,400 பக்கத்துலதான். அதுக்குக் கீழ லோடோட மிதிச்சா உறுமும், ஆனா போகாது. அதனாலதான் டிரைவர் அண்ணன் டாப்புக்கே போகாம நாலாவது கியர்லயே 15 கிலோமீட்டரும் ஓட்டுறார். நாலாவது கியர் ஒண்ணரை மடங்கு. அப்போ இன்ஜின் 1,820ல கத்திட்டிருக்கு!

ஒரு நிமிஷம், இதைத் திரும்பப் படிங்க. 'ஓட்டத்துக்கு'ன்னு போட்ட 7/41ல இன்ஜின் 1,820 சுத்துது. 'இழுவைக்கு'ன்னு நினைக்கிற 6/41 போட்டா டாப் கியர்லயே போகலாம், இன்ஜின் 1,420தான். பல்லைக் கூட்டினா இன்ஜின் சுத்து கூடும்னுதான் எல்லாரும் சொல்வாங்க. டிரைவர் எந்த கியர்ல ஓட்டுவார்னு யாரும் கேக்கிறதில்ல.

அந்த 5 கிலோமீட்டர் பெரிய ரோட்டுல நஷ்டம் இருக்கு. 60ல போனா 7/41ல 1,825, 6/41ல 2,130. சத்தம் ஏறும், டீசலும் கொஞ்சம் கூடும். 22ல 5க்காக மீதி 17ஐ விட முடியுமா? மாமா சென்னைக்கு டெய்லி ஹைவேல லோடு அடிக்கிறவரா இருந்திருந்தா நான் 37 கட்சிக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். இவர் வேலை அது இல்லையே.

6/41. கட்சி ஜெயிச்சுது. பழைய 7/41லேர்ந்து 6/41ன்னா கிரவுன் பல்லு அதே 41. பினியன்ல ஒரே ஒரு பல்லு குறையுது, இழுவை 16 சதவிகிதத்துக்கு மேல ஏறுது! "அப்ப பினியனை மட்டும் மாத்தினா போதுமே, காசு மிச்சம்"னார் மாமா. அதான் முடியாது. கிரவுனும் பினியனும் ஃபேக்டரியில ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சு ஜோடி சேர்த்து, ரெண்டுலயும் ஒரே நம்பர் போட்டு அனுப்புவாங்க. ஜோடியைப் பிரிச்சா கத்தும், அப்புறம் பல்லு பேந்துடும். "பழசு புதுப்பேட்டையில பாக்கலாமா?"ன்னும் கேட்டார். பழசுன்னா ஜோடி நம்பர் பார்க்காம தொடாதேன்னு அண்ணன் சொல்லிட்டார். கடைசியில புது செட், பேரிங், சீல், கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ரெண்டு புது டயர் விலை ஆச்சு. இன்ஜின் வேலைக்குச் சொன்ன தொகைக்குப் பக்கத்துலகூட இல்ல.

மாட்டுற அன்னைக்கு நான் சும்மா வேடிக்கை பார்த்தேன்னு நினைக்காதீங்க. பல்லுல மை தடவுற வேலை எனக்குத்தான்! ரெண்டு கியருக்கும் நடுவுல மில்லிமீட்டர்ல கால் பாகம் இடைவெளி. அதுக்கப்புறம் மையைத் தடவிச் சுத்தினா, பல்லுல எங்க அழுத்துதுன்னு தடம் தெரியும். நடுவுல விழணும். முதல் தடவை ஓரத்துல விழுந்துது. அண்ணன் மெல்லிசான ஷிம் ஒண்ணை எடுத்துட்டு மறுபடி. நாலாவது தடவைதான் அவர் முகத்துல சிரிப்பு. அரை நாள் போச்சு. எங்க லேப்ல இதே எக்ஸ்பெரிமென்ட்டை இருபது நிமிஷத்துல 'முடிச்சு' ரெக்கார்டு எழுதிடுவோம்.

டிரைவர் அண்ணனுக்கு அவர் ஒரே ஒரு எச்சரிக்கை குடுத்தார். "இப்ப நல்லா ஏறும். அதுக்காக ஒரு யூனிட் கூட ஏத்தலாம்னு நெனைக்காத. முதல் கியர்ல ஆக்சில் ஷாஃப்ட்டுக்குப் போற முறுக்கு முன்னவிட ஜாஸ்தி. சட்டுன்னு கிளட்சை விட்ட, முறிச்சுக்கும்." முதல் 500 கிலோமீட்டர் லோடு கம்மியா ஓட்டச் சொன்னார். மாமா அதைக் கேட்டாரான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

(எங்க கிளாஸ்ல தார் வெச்சிருக்கிற ஒரு புண்ணியவான், 'அப்போ நானும் பெரிய டயருக்குப் பின்னாடி மட்டும் கிரவுன் மாத்திக்கிறேன்'னு சொன்னான். டேய், ஃபோர் வீல் டிரைவ்ல முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவுல இருக்கணும்டா! ஒண்ணை மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா ரெண்டும் எதிரெதிரா இழுத்து நடுவுல இருக்கிறதெல்லாம் முறுக்கிக்கும்.)

லீவு முடிஞ்சு நான் ஹாஸ்டல் வந்துட்டேன். மூணு வாரம் கழிச்சு மாமாகிட்டேர்ந்து போன். குரல்ல தீபாவளி.

"பாப்பா! மைலேஜு 3.2லேர்ந்து 3.8 தாண்டிடுச்சு! கிளட்சு வாசனையே இல்ல. நீ பெரிய இன்ஜினீயரு!"

எனக்குப் பக்குனு ஆச்சு. ஏன்னா அந்த 3.8 பொய்.

இந்த வண்டியில மீட்டருக்கு வயர் போறது கியர்பாக்ஸ் பின்பக்கத்துலேர்ந்து. ஷாஃப்ட் எத்தனை சுத்துதுங்கிறதுதான் அதுக்குத் தெரியும், டயரும் கிரவுனும் தெரியாது. 9.00 டயருக்கும் 6/37க்கும் செட் பண்ணின மீட்டர் அது. 7/41ம் பெரிய டயரும் இருந்தப்போ நெஜமா 100 கிலோமீட்டர் போனா 92தான் காட்டியிருக்கும். இப்போ 6/41ல 100 போனா 107 காட்டும். வண்டி ஒரு சொட்டு டீசலும் மிச்சம் பண்ணலைன்னாலும் நோட்டுல மைலேஜ் ஏறினதாத்தான் தெரியும்.

இதுல இன்னொரு வேதனை என்னன்னா, நோட்டைத் திருப்பிப் பார்த்தா டயர் மாத்தறதுக்கு முன்னாடி 3.3, மாத்தினதும் 3.2. 3.3ஐ 1.034ஆல வகுத்துப் பாருங்க... 3.2! மைலேஜ் விழவே இல்ல. மீட்டர்தான் குறைச்சுக் காட்டியிருக்கு. விழாத மைலேஜுக்குத்தான் மாமா பம்பு வேலை செஞ்சிருக்கார்.

சொல்லலாமா, வேணாமா? சந்தோஷமா இருக்கிற மனுஷன். சொல்லாம விட்டா அந்த 3.8ஐ நம்பி அடுத்த மாச டியூ கணக்குப் போடுவார். சொல்லிட்டேன்.

"மாமா, கிலோமீட்டரை விடுங்க. ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் போடுறீங்க? முன்னாடி எவ்வளவு, இப்ப எவ்வளவு?"

நோட்டு புரட்டுற சத்தம். "போக வர முன்ன பன்னெண்டரைக்கு மேல... 12.6 வெச்சுக்க. இப்ப 12.2."

அப்போ நெஜமான மைலேஜ் 3.5லேர்ந்து 3.6. அவ்ளோதான். பம்பு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல. பின்னாடி டிப்பர் ஓடற சத்தம் மட்டும்.

"அப்ப நடைக்கு அந்த நாப்பது பாயிண்டு நெசம்தானே?"

"நெசம் மாமா."

"கிளட்சு வாசனை வராததும் நெசம்தானே? டிரைவரு போகலையே?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

"சரி வுடு. ஒரு நாளைக்கு நாலு நடை, ஒண்ணரை லிட்டரு. அத்தைகிட்ட மட்டும் அந்த 3.8ஐச் சொல்லிட்டேன், நீ ஒண்ணும் கண்டுக்காத."

மன்னிச்சுக்குங்க அத்தை. நீங்க இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டீங்கன்னு மாமா நம்பிட்டிருக்கார்.